அதிகாலைக்குச் செய்தது, நடுராத்திரியில் கேட்டது: ஒரு 40 நாள் ஒலித் தியானம்

தேவனைப் பிதாவாக நம்புவது பற்றிய 40 நாள் ஒலித் தியானத் தொடர் ஒன்றை ஒரு சுற்று முழுக்கக் கேட்டு முடித்தேன். போனில் ஒரு ஆப், கூடவே ஒரு குறிப்பேடு. தினமும் 12 நிமிடம். வெளியிட்டவர்கள் யார் என்று எழுதவில்லை. கீழே குறை சொல்லப்போகிறேன், அதில் ஒன்று கொஞ்சம் மனத்தாங்கலோடு.

காலை 5 மணிக்கு மணியடித்து எழுப்புகிற மாதிரிதான் இதைச் செய்திருக்கிறார்கள். நான் கேட்டதெல்லாம் ராத்திரி இரண்டரைக்கு. என் மகளுக்கு ஆறு வயது, டைப் 1 சர்க்கரை நோய். நடுராத்திரியில் ஒருமுறை விரல் நுனியில் குத்தி அளவு பார்க்க வேண்டும். 70க்குக் கீழே இறங்கியிருந்தால் எழுப்பி இனிப்பாக ஏதாவது கொடுத்துவிட்டு, 15 நிமிடம் காத்திருந்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். அந்தப் பதினைந்து நிமிடத்தை என்ன செய்வது என்று தெரியாமல்தான் இந்த ஆப்பைப் போட்டேன்.

முதலில் சில்லறைக் குறைகள். திரை வெள்ளை வெளேரென்று எரிகிறது, இருட்டுக்கு ஏற்ற நிறம் கிடையாது. முதல் நாளே அந்த வெளிச்சத்தில் பிள்ளை விழித்துவிட்டாள். ஒவ்வொரு பகுதியும் தொடங்கும்போது பியானோ, பேசுகிறவரின் குரலைவிட ஒரு மடங்கு சத்தமாக வருகிறது. முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள முடிகிறது, அது நல்ல வசதி. 9ஆம் நாளில் வசன எண் தப்பாக இருந்தது. எழுதிப்போட்டேன், இரண்டு நாளில் திருத்திவிட்டு நன்றியும் சொன்னார்கள். குறிப்பேட்டின் தாள் மெல்லிசு. பேனா மை மறுபக்கம் தெரியும், பென்சில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளடக்கத்தில் முதல் பத்து நாள் நிதானமாக நல்ல வேலை செய்திருக்கிறார்கள். மத்தேயு 6ஆம் அதிகாரத்தை எடுத்து, 'பிதா' என்று வருகிற இடத்தையெல்லாம் கோடிடச் சொல்கிறார்கள். ஒரே அதிகாரத்தில் 12 இடம். அவற்றில் ஐந்து 'அந்தரங்கம்' என்ற சொல்லோடு சேர்ந்து வருவதை இத்தனை வருஷம் சபையில் உட்கார்ந்தும் நான் கவனித்ததில்லை. அந்தரங்கத்தில் பார்க்கிற பிதா. ராத்திரி இரண்டரைக்கு ஒரு கையில் குளுக்கோமீட்டரோடு அதைப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. லூக்கா 15ஐப் பற்றிய நாளும் அப்படித்தான். சொத்தில் தன் பங்கை வாங்கிக்கொண்டு போய், எல்லாம் இழந்து திரும்பி வருகிற மகன் "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்" என்று சொல்லத் தயார்செய்துகொண்டு வருகிறான். தகப்பன் முன்னால் நின்றதும் மற்றதையெல்லாம் சொல்கிறான், அந்தக் கடைசி வரி மட்டும் வாயிலிருந்து வரவில்லை. அதற்குள் தகப்பன் வேலைக்காரரைக் கூப்பிட ஆரம்பித்துவிடுகிறார். பேசுகிறவர் இதைச் சொல்லிவிட்டுச் சும்மா பத்து விநாடி விடுகிறார். பியானோவும் இல்லை.

12ஆம் நாளில் எனக்கு ஒரு சண்டை உண்டு. இயேசு பேசிய அரமேய மொழியின் 'அப்பா' என்ற சொல் குழந்தையின் மழலை, 'டாடி' மாதிரி என்று விளக்குகிறார்கள். எங்கிருந்தோ எடுத்ததை அப்படியே பேசியிருக்கிறார்கள். அது மழலை இல்லை, வளர்ந்தவர்களும் தங்கள் தகப்பனை அப்படித்தான் கூப்பிட்டார்கள் என்று ஜேம்ஸ் பார் என்ற வேத அறிஞர் 1988லேயே விரிவாக எழுதிவிட்டார். தமிழில் இதற்கு விளக்கமே தேவையில்லையே! இரண்டு மொழிக்கும் உறவில்லை, தற்செயலாக அதே சொல் நம்மிடமும் இருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளையும் அப்பா என்கிறது, ஐம்பது வயதுக்காரரும் அப்பா என்கிறார். 'அப்பா பிதாவே' என்று நம் வேதாகமத்தில் அச்சாகியிருப்பதைப் படித்தாலே போதும். அதை விட்டுவிட்டு டாடிக்குப் போனது வீண் சுற்று.

என் மனைவி மூன்றாம் நாளோடு நிறுத்திவிட்டாள். அன்றைய பயிற்சி, "கண்ணை மூடி உங்கள் தகப்பனின் மடியில் உட்கார்ந்திருந்த ஒரு நாளை நினைத்துக்கொள்ளுங்கள்" என்பது. அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே அவளுடைய அப்பா வீட்டைவிட்டுப் போனவர். இயர்போனைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, "எந்த மடி?" என்றாள். அவ்வளவுதான். 22ஆம் நாளில் சங்கீதம் 27:10 வருகிறது: "என் தகப்பனும் என் தாயும் என்னைக் கைவிட்டாலும், கர்த்தர் என்னைச் சேர்த்துக்கொள்ளுவார்." அருமையான பகுதி, அவளுக்காகவே பேசியது போல. ஆனால் 22ஆம் நாள் வரை அவள் இருக்கவில்லையே. இதை இரண்டாம் நாளுக்குக் கொண்டுவாருங்கள் என்று எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

மொத்தத் தொடரையும் தாங்கி நிற்பது 17ஆம் நாள், கெத்செமனே: சிலுவைக்கு முந்தின ராத்திரி இயேசு ஜெபித்த இடம். நான்கு சுவிசேஷங்களிலும் இயேசுவின் வாயில் 'அப்பா' என்ற அரமேயச் சொல் அப்படியே வருவது ஒரே ஒரு இடத்தில்தான், மாற்கு 14:36ல். "இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்" என்று கேட்கிற ஜெபத்தில். பாத்திரம், அதாவது வரப்போகிற பாடுகள், எடுக்கப்படவில்லை. பிதாவை அப்பா என்று கூப்பிட்ட அந்த ஜெபத்தில் கேட்டது கிடைக்கவில்லை என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டு, நம்பிக்கை என்ற சொல்லை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்கிறார் பேசுகிறவர்.

மகளுக்கு ஒரு நாளைக்கு நான்கு ஊசி. நான்தான் போடுவேன். வயிற்றில் நேற்றுப் போட்ட இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஊசியை இறக்கி, இன்சுலின் பேனாவின் பொத்தானை அழுத்திவிட்டு, மருந்து வெளியே வராமல் இருக்கப் பத்து எண்ணும் வரை எடுக்கக் கூடாது. அந்தப் பத்துக்குள் அவள் அழுவாள், "வேண்டாம்ப்பா" என்பாள். கையில் கிடைப்பது என் சட்டைதான், அதைக் கொத்தாகப் பிடித்துக்கொள்வாள். குத்துகிற ஆளையே பிடித்துக்கொண்டுதான் அழுகிறாள். ஏன் குத்துகிறேன் என்று இன்சுலினைப் பற்றி எவ்வளவோ சொல்லிப்பார்த்திருக்கிறேன். புரிந்ததா என்று தெரியாது. எட்டு எண்ணும்போது சட்டை இன்னும் இறுகும். 17ஆம் நாளை மட்டும் ஆறேழு தடவை கேட்டிருப்பேன்.

இப்படிப் பேசினவர்கள்தான் 31ஆம் நாளில், மெய்யான விசுவாசத்தோடு கேட்டால் பிதா சுகம் தராமல் இருக்கமாட்டார் என்றும், தாமதம் என்றால் பெற்றோர் தங்கள் உள்ளத்தை ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். அதைப் பாதியில் நிறுத்தினேன். நான்கு ராத்திரி ஆப்பைத் திறக்கவில்லை, காத்திருக்கும் நேரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த நோயில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. பெற்றவர்கள் எதையும் செய்து வரவழைப்பதில்லை. இதை எங்களுக்குச் சொல்ல மருத்துவருக்கு ஒரு நிமிடம் ஆனது, நாங்கள் நம்ப ஒரு வருஷம் ஆனது. "இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று பிறவிக் குருடன் ஒருவனைப் பற்றி யோவான் 9ல் இருப்பதை அந்தப் பகுதியை எழுதியவர் படிக்காமலா இருப்பார்? 17ஐயும் 31ஐயும் ஒரே ஆள் எழுதியதாகத் தெரியவில்லை.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுக்கிறேன். வீட்டில் நோய்ப்பட்ட பிள்ளை இருப்பவர்கள் 31ஆம் நாளை ஆப்பிலிருந்து அழித்துவிட்டுத் தொடங்குங்கள். தனித்தனியாக அழிக்க வழி இருக்கிறது, பகுதியின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் வரும். நல்ல அப்பா வாய்க்காதவர்கள் 22இலிருந்து தொடங்கலாம். மனைவிக்கு அதை மட்டும் அனுப்பி வைத்திருக்கிறேன். இன்னும் கேட்கவில்லை, அழிக்கவும் இல்லை. நான் இரண்டாவது சுற்றில் 6ஆம் நாளில் இருக்கிறேன், திரையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு.