கடைச் சக்கரமா, கையால் கோத்த சக்கரமா?

பினாங்குத் தீவின் பாலிக் புலாவ் மலைச்சாலையில் ஒரு குழி. என் சைக்கிள் பின்சக்கரத்தின் ரிம், அதாவது வெளிவளையம், நெளிந்துவிட்டது. இயந்திரம் கோத்த சக்கரம் வாங்கினால் அன்றே மாட்டிவிடலாம். மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவருக்கு அதுவே போதும். என் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் நன்றாக இருந்தது. அதனால் ரிம்மும் 32 கம்பிகளும் மட்டும் வாங்கி, பட்டர்வொர்த் வீட்டில் உட்கார்ந்தேன்.

கோப்பது எளிது, ஒவ்வொரு கம்பியும் எதிர்த்திசைக் கம்பிகள் மூன்றைக் கடக்க வேண்டும், அவ்வளவுதான். பொறுமையைச் சோதிப்பது கோட்டம் எடுப்பது. சைக்கிளைக் கவிழ்த்து, சட்டத்தில் பிளாஸ்டிக் பட்டி ஒன்றைக் கட்டி, ரிம் உரசும் இடத்தில் கம்பியை இறுக்கும் சிறு மரையான நிப்பிளைக் கால் சுற்று, சில நேரம் அதிலும் பாதி. பிறகு கம்பிகளைச் சுண்டிப் பார்க்க வேண்டும்: ஒரு பக்கம் முழுக்க ஒரே சுருதி. பல்சக்கரப் பக்கம் இழுவிசை கூடுதல், சுருதியும் உயரும். “வீணையா மீட்டுகிறாய்?” என்று அம்மா எட்டிப் பார்த்தார்.

மலிவான கடைச் சக்கரங்களில் கம்பிகள் பெரும்பாலும் தளர்வாகவே இருக்கும். தளர்ந்தவைதான் ஹப்பருகே வளையும் இடத்தில் முறிகின்றன. பணத்தை மட்டும் பார்த்தால் கைவேலையில் மிச்சமில்லை. எனக்கு இரண்டு இரவுகள் போயின, விரல் நுனியில் தோலும்.