கைக்குள் அடங்கும் அடர்த்தி: எடின்பரோவின் சைகைக் கலைச்சொற் களஞ்சியம் குறித்து

காதுகேளாத மாணவர்களுக்கு இயற்பியல் கற்பிக்கும் நான், 'அடர்த்தி' என்ற சொல்லை நெடுங்காலம் எழுத்தெழுத்தாக விரல்களால் காட்டியே நடத்தி வந்தேன். மாணவர்கள் அந்த எழுத்து வரிசையைப் பிழையின்றித் திருப்பிக் காட்டினார்கள். சூத்திரத்தில் எண்களை இட்டு விடையும் கண்டார்கள். ஆனால் ஒரே அளவுள்ள இரும்புத் துண்டையும் மரத்துண்டையும் முன்னால் வைத்து வேறுபாட்டை விளக்கச் சொன்னால், அவர்களுடைய கைகள் அப்படியே நின்றுவிடும். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காட்டிஷ் சென்சரி சென்டர் இணையத்தில் கட்டணமின்றி வழங்கும் பிரித்தானியச் சைகை மொழிக் கலைச்சொற் களஞ்சியத்தை அந்தக் குறையோடுதான் தேடிச் சென்றேன்.

2007ஆம் ஆண்டு தொடங்கிய இந்தப் பணியில், காதுகேளாத அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் சைகை மொழியியலாளர்களோடு சேர்ந்து சொற்களை உருவாக்கி வருகிறார்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம், வானியல் எனப் பாடவாரியாகச் சொற்கள் பிரிக்கப்பட்டுள்ளன.

இந்தக் களஞ்சியத்தின் உண்மையான பலம் சொற்களுக்கு இடையிலான உறவில் இருக்கிறது. நிறைக்கான சைகை, இறுக மூடிய ஒரு முட்டி. அந்த முட்டியை மற்றொரு கை சுற்றிப் பிடித்து அழுத்தினால் அது அடர்த்தி. அதே முட்டி புவியீர்ப்பின் திசையில் கீழே இறங்கினால் அது எடை. அன்றாடப் பேச்சில் நிறையையும் எடையையும் ஒன்றாகவே புழங்கும் நமக்கு, கேட்கும் திறனுள்ள பிள்ளைகளிடம்கூட இந்த வேறுபாட்டை நிலைநிறுத்துவது எளிதன்று. இங்கோ எடை என்பது நிறையின்மீது செயல்படும் ஒரு விசை என்னும் செய்தி சைகையின் அசைவுக்குள்ளேயே அமைந்திருக்கிறது. நிலவில் அந்த முட்டி எவ்வாறு இறங்கும் என்று வகுப்பில் கேட்டேன். ஒரு மாணவி முட்டியின் வடிவத்தைச் சற்றும் மாற்றாமல் மிக மெதுவாகக் கீழே இறக்கிக் காட்டினாள். நிறை மாறவில்லை, எடை குறைந்தது என்பதை அவளுக்கு நான் தனியே விளக்க வேண்டியிருக்கவில்லை.

பல சொற்களுக்குச் சைகையோடு நிற்காமல், அதன் பொருளையும் சைகை மொழியிலேயே விளக்கும் காணொளி உள்ளது. எழுத்து வடிவ விளக்கத்தை இரண்டாம் மொழியாகத் தட்டுத்தடுமாறி வாசிக்கும் மாணவருக்கு இது பெரிய விடுதலை. ஆசிரியருக்கும் இதில் பயன் உண்டு: பாடத்துக்கு முந்தைய மாலையில் அவற்றைப் பார்க்கும்போது, ஒரு கருத்தை எந்த வரிசையில், கண்முன் உள்ள வெளியில் எங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும் என்பது தெளிவாகிறது.

வகுப்பு நடக்கும்போதே காணொளியை ஓடவிட்டு, அதே வேளையில் கரும்பலகையில் எழுதுவதை மட்டும் தவிர்க்க வேண்டும். மாணவரின் கண் ஒரு நேரத்தில் ஓரிடத்தைத்தான் பார்க்கும். முதலில் சைகை, பிறகு பொருள், பிறகு சமன்பாடு என்று இடைவெளி விட்டு நடத்தியபோதே பலன் கிடைத்தது. ஆய்வகத்திலும் அப்படித்தான்: குடுவையைக் கையில் பிடித்திருப்பவரால் பேச இயலாது என்பதால், சொற்களைச் சோதனைக்கு முன்பே பேசி முடித்துவிடுவது நல்லது.

இதன் எல்லைகளையும் சொல்ல வேண்டும். இது கலைச்சொற் களஞ்சியம், பாடத்திட்டம் அன்று. பாடத்தை ஆசிரியர் தாமே அமைத்துக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியமானது, சைகை மொழி உலகம் முழுவதற்கும் ஒன்றன்று. என் மாணவர்களின் மொழி பிரித்தானியச் சைகை மொழி இல்லை. ஆகவே இந்தச் சைகைகளை அப்படியே திணிக்காமல், இவற்றின் தர்க்கத்தை மாணவர்களிடமும் காதுகேளாத பெரியவர்களிடமும் காட்டி, அவர்கள் மொழியில் இயல்பாகப் பொருந்துவதை அவர்களே தேர்ந்தெடுக்கும்படி விட்டேன். முட்டியை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அடர்த்திக்கு மட்டும், விரல்கள் ஒன்றையொன்று நெருங்கிவரும் வேறொரு அசைவைக் கேட்டார்கள். துகள்கள் நெருங்குவது தங்களுக்கு அதில்தான் நன்றாகத் தெரிகிறது என்றார்கள். இப்போது எங்கள் வகுப்பில் அந்த அசைவையே பயன்படுத்துகிறோம்.