பாளையங்கோட்டை நீர்வண்ண வகுப்பு: மலையைப் பின்னால் தள்ளக் கற்றுத்தருகிறார்கள்

தூரிகையைத் தொடும் முன் காட்சியைப் படிக்கச் சொல்லித்தருவதுதான் இந்த நிலக்காட்சி வகுப்பின் பலம். எடுத்துக்காட்டு திருநெல்வேலியின் குறுக்குத்துறை: ஆறு, முருகன் கோவில், மேற்கே மலை. படத்தில் அடிவானக் கோடு மேலே இருந்தால் தாமிரபரணி விரியும். கீழே இருந்தால் சாரல் மேகம் கனக்கும். நட்டநடுவில் வைத்தால் படம் இரண்டு துண்டு. கண்ணைச் சுருக்கிப் பார்த்து, வெளிர், நடு, அடர் என மூன்றே தொனியில் தீப்பெட்டி அளவுக்குப் பென்சில் படம் போட்ட பிறகே வண்ணம். இந்தக் கண்டிப்பு சரி.

புதியவர்கள் சறுக்குவது மலையில். மலை பச்சை என்று மனதில் இருப்பதால் அடர்பச்சையை அப்புவார்கள். அது முன்னால் வந்து நிற்கும். இடையிலுள்ள காற்று தூரத்தை வெளிர்நீலமாக்கும் என்று விளக்கி, அல்ட்ராமரைன் நீலத்தில் துளி பர்ன்ட் சியென்னா என்ற செம்பழுப்பு கலந்து, நிறையத் தண்ணீரோடு பூசச் சொல்கிறார்கள். பனைகளைச் சம இடைவெளியில் நட்டால் வேலி போலாகும் என்ற திருத்தமும் உண்டு.

குறை, அவர்கள் தரும் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை அளவு) தாள். ஈரத்தின் மேல் ஈரம் பூசினால் நெளிந்து, பள்ளத்தில் வண்ணம் தேங்கி, வானத்தில் திட்டு விழுகிறது. 300 ஜிஎஸ்எம் தாளை அட்டையில் நாலு பக்கமும் டேப் ஒட்டிக் கொண்டுபோங்கள். ஹேர் டிரையரும் ஒன்றே ஒன்றுதான்; ஈரக்காற்று வீசும் நாளில் வரிசை நகராது.