சைன் பண்றதுக்கு 5 ஸ்டார், சேவ் பண்றதுக்கு 2 – ஒரு இ-சைன் சர்வீஸ் ரிவ்யூ

கம்பெனி பேர் வேணாம். ஃப்ரீலான்ஸ் அக்ரிமெண்ட் எல்லாம் ஒன்றரை வருஷமா இதுலதான் போடுறேன். கையெழுத்து வாங்கற விஷயத்துல குறையே சொல்ல முடியாது, லிங்க் அனுப்புனா எதிராளி ஃபோன்லயே விரலால கிறுக்கி ரெண்டு நிமிஷத்துல அனுப்பிடுறார்.

வம்பு எங்க வந்துச்சுன்னா, ஒரு கிளையண்ட் எட்டு மாசம் கழிச்சு "நான் ஒத்துக்கிட்டது இந்த தேதி இல்லையே"ன்னு ஆரம்பிச்சார். சரி காட்டிடுவோம்னு என் ஃபோல்டர்ல இருந்த பிடிஎஃப்ப தொறந்தா கையெழுத்து படமா இருக்கு, சிக்னேச்சர் பேனல் (டிஜிட்டல் சிக்னேச்சர் விவரத்த பிடிஎஃப் ஆப் காட்டற எடம்) காலி. என்னடான்னு பாத்தா நான் டவுன்லோட் பண்ணாம பிரிண்ட்ல போய் பிடிஎஃப்பா சேவ் பண்ணி வெச்சிருக்கேன் (என் தப்புதான், ஆனா பிரிண்ட் ஐகான் பெருசா மேலயே இருக்கு, டவுன்லோட் மூணு புள்ளி மெனுக்குள்ள ஒளிஞ்சிருக்கு, யாரு டிசைன் பண்ணாங்களோ). அப்படி சேவ் பண்ணா அது புது ஃபைல், டிஜிட்டல் சிக்னேச்சர் கூட வராது.

அப்பதான் சட்டத்தையே உக்காந்து படிச்சேன். பல நாட்டு சட்டத்துக்கும் அடிப்படை, ஐநாவோட வணிகச் சட்ட ஆணையமான அன்சிட்ரல் 1996ல கொண்டுவந்த மின் வணிக மாதிரிச் சட்டம். எலக்ட்ரானிக்கா இருக்குங்கற ஒரே காரணத்துக்காக செல்லாதுன்னு தள்ளக்கூடாது, இது 5வது பிரிவு. எழுத்துல இருக்கணும்னு சட்டம் கேக்கற எடத்துல, பின்னாடி எடுத்துப் பாக்க முடிஞ்சா போதும்ங்கறது 6. ஒரிஜினல் வேணும்னா கதையே வேற, இறுதி வடிவம் வந்த நேரத்துல இருந்து எதுவும் மாறலன்னு நம்பற மாதிரி உறுதி கேக்குது 8. பாதுகாத்து வெக்கறதுன்னா யாரு அனுப்புனா, யாருக்கு போச்சு, எப்பங்கற தகவல் இருந்தா அதையும் சேத்து வெக்கணும், அது 10. என் பிரிண்ட் காப்பி 6ல பாஸ், 8லயும் 10லயும் அவுட்.

நல்லவேளை அக்கவுண்ட்ட மூடல. உள்ள போய் ஒரிஜினல் ஃபைலையும் ஆடிட் டிரெயிலையும் (யாரு எப்ப என்ன பண்ணாங்கங்கற பதிவு) எடுத்தேன். அவர் மெயில தொறந்த நேரம், சைன் பண்ண நேரம், ஐபி அட்ரஸ், கடைசியா ஃபைலோட ஹாஷ் (ஃபைல வெச்சு கணக்குப் போட்டு எடுக்கற, கைரேகை மாதிரி ஒரு கோட்), எல்லாம் ஒரே பக்கத்துல. ஃபைல்ல ஒரு கமா மாறுனா கூட அந்த ஹாஷ் ஒத்துப்போகாது. அனுப்புனேன், ஆள் கப்சிப்.

இன்னொரு கடுப்பு, "எல்லா நாட்டுலயும் எல்லா டாக்குமெண்ட்டுக்கும் செல்லும்"னு முகப்புல போட்டிருக்காங்க. ஐரோப்பாவோட 2014 ஐடாஸ்ங்கற விதிமுறைல மின் கையெழுத்துக்கு மூணு தரம் இருக்கு, கையால போட்டதுக்கு நேர் சமம்னு சொல்றது உச்சத்துல இருக்கற குவாலிஃபைட் மட்டும்தான். மத்ததையும் கோர்ட்ல காட்டலாம், ஆனா அந்த வெயிட் தானா கிடைக்காது. இவங்க சாதா பிளான்ல வர்றது அடிமட்டத் தரம். உயில் டெம்ப்ளேட் வேற வெச்சிருக்காங்க! அமெரிக்காவோட 2000 இ-சைன் சட்டமும் சரி, இந்தியாவோட 2000 ஐடி சட்டமும் சரி, உயில வெளிய விட்டுதான் எழுதியிருக்கு.

அக்கவுண்ட்ட மூடுனா 30 நாள்ல எல்லாத்தையும் அழிச்சிடுவாங்களாம், அதனால மொத்தமா டவுன்லோட் பண்ண வழி இருக்கான்னு சப்போர்ட்ல கேட்டேன், ஒவ்வொண்ணா எடுத்துக்கோங்கன்னு பதில் வந்துச்சு. மொத்தம் 60 அக்ரிமெண்ட், ஒவ்வொண்ணுக்கும் ஆடிட் டிரெயில் தனி ஃபைல். இதுவரைக்கும் 41 முடிச்சிருக்கேன்.