பூட்டான் சுற்றுப்பயணம்: ஒரு மதிப்புரை

சுற்றுலா நிறுவனம் ஒன்றின் ஏற்பாட்டில் ஆறு நாட்கள் பூட்டானைச் சுற்றிவந்த எனக்கு நாட்டின்மீது குறையில்லை. நிறுவனத்தின்மீது ஒரு குறை உண்டு. இந்தியர்களுக்கு அங்கு விசா தேவையில்லை என்றாலும், கடவுச்சீட்டையோ வாக்காளர் அட்டையையோ காட்டி அனுமதிச் சீட்டுப் பெறுவதோடு, ஓர் இரவுக்குத் தலைக்கு 1,200 ரூபாய் வளர்ச்சிக் கட்டணமும் செலுத்த வேண்டும். இது தாங்கள் சொன்ன தொகையில் அடங்காது என்பதை நிறுவனத்தார் புறப்படும் வாரத்தில்தான் தெரிவித்தார்கள்.

பாரோ பள்ளத்தாக்கின் செங்குத்துப் பாறையில், 3,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் தொற்றிக்கொண்டு நிற்கும் தக்த்சாங் பௌத்த மடத்துக்காக மட்டுமே இன்னொரு முறை செல்வேன். குதிரை பாதி வழிவரைதான் வரும். அதன்பின் நூற்றுக்கணக்கான படிகளில் இறங்கி, அருவியின் சாரல் முகத்தில் தெறிக்கப் பாலத்தைக் கடந்து, மூச்சு வாங்க மீண்டும் ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் இரு ஆறுகள் கூடுமிடத்தில் அமைந்த புனாக்கா கோட்டையோடு மனநிறைவு கொள்ளலாம்.

தலைநகர் திம்புவில் போக்குவரத்து விளக்குகளே கிடையாது. வெள்ளைக் கையுறை அணிந்த காவலரே வண்டிகளை நெறிப்படுத்துகிறார். மிளகாயையே காய்கறியாகக் கொண்டு பாலாடைக்கட்டியில் வேகவைக்கும் ‘எமா தட்சி’, ஆந்திரக் காரத்துக்குப் பழகிய நாக்கையும் சோதிக்கும்.