கொழும்பு வீதிக்கு எந்த மோட்டார்: ஹப்பா, மிட் டிரைவா?

2022இல் பெற்றோல் வரிசையில் நின்று அலுத்துச் சைக்கிளுக்கு மாறியவர்களில் பலர், இப்போது மின்சாரச் சைக்கிள் பற்றி விசாரிக்கிறார்கள். கடைக்குப் போனதும் கேட்கிற முதல் கேள்வி, “ஒரு சார்ஜில் எவ்வளவு ஓடும்?” என்பதுதான். அதைவிட முக்கியமான கேள்வி, மூன்று வருடம் கழித்து அதை யார் கழற்றிப் பூட்டுவார்கள் என்பது. நான் பின்சில்லில் மோட்டார் உள்ள ஹப் வகையை எடுத்தேன். இன்றைக்கு மறுபடி வாங்கினாலும் அதைத்தான் எடுப்பேன்.

விலை, பாரம் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. ஹப் மலிவு. மிட் டிரைவில் மோட்டார் பெடலடியில் இருப்பதால் பாரம் நடுவில் விழும், ஓட்டுவதற்குச் சுகமாக இருக்கும். ஒரு நண்பருடைய வண்டியை ஓட்டிப் பார்த்த அளவில் சொல்கிறேன்: கால் அழுத்தத்துக்கு அது பதில் சொல்கிற விதம் அருமை.

மைலேஜுக்கு வருவோம். 36 வோல்ட், 10 அம்பியர் மணி பற்றரி என்றால் கையில் இருப்பது 360 வாட் மணி. காலாலும் உழைத்து மிதித்தால் ஒரு கிலோமீற்றருக்குப் பத்து வாட் மணியளவில் போகும். அதாவது 36 கிலோமீற்றர். மிதிக்காமல் த்ரொட்டிலை (கைப்பிடியில் முறுக்கும் அக்சிலேற்றரை) மட்டும் நம்பினால் அந்தச் செலவு பதினைந்து வாட் மணியைத் தாண்டும், 24 கிலோமீற்றரை எட்டுவதே பெரிய விஷயம். நல்ல லித்தியம் பற்றரி 500 முதல் 800 முழுச் சார்ஜுக்குப் பிறகு எண்பது வீதத்துக்கு இறங்கும். அப்போது 36 ஓடியது 29 ஆகும். இந்தக் கணக்கு இரண்டு வகைக்கும் ஒன்றுதான். ஏற்றத்தில் கியரைக் குறைத்து ஓடலாம் என்பதால் மிட் டிரைவ் அங்கே மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும். ஆனால் கொழும்பில் ஏற்றம் எங்கே இருக்கிறது? தெஹிவளை மேம்பாலம், களனிப் பாலம், அப்புறம் காலி வீதிக்கும் கடற்கரைக்கும் நடுவே சில ஒழுங்கைகள். தட்டையான வீதியில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. மைலேஜ் திடீரென்று குறைந்தால் மோட்டாரைச் சந்தேகிக்க முன் ரயரில் காற்று இருக்கிறதா, பிரேக் உரசுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் அடுத்து பற்றரி.

தீர்ப்பு பராமரிப்பில்தான் இருக்கிறது, அதிலும் செயினில். மிட் டிரைவில் மோட்டாரின் முழு இழுவையும் உங்கள் காலின் இழுவையும் ஒரே செயின் வழியாகப் பின்சில்லுக்குப் போகின்றன. சாதாரணச் சைக்கிளில் பல காலம் உழைக்கும் செயின் இதில் 1,500 முதல் 3,000 கிலோமீற்றருக்குள் நீண்டுவிடும். தெஹிவளையிலிருந்து கோட்டைக்குப் போய்வந்தால் சுமார் இருபது கிலோமீற்றர். மாதம் 25 நாள் என்றால் 500. ஆக, மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு செயின். நீண்ட செயினைக் கவனிக்காமல் ஓட்டினால் பல்லுச்சில்லுகளையும் சேர்த்துத் தின்றுவிடும், பிறகு புதுச் செயின் பழைய பல்லில் நிற்காது. இதோடு கடற்காற்றையும் சேர்த்துப் பாருங்கள். மரைன் டிரைவ் பக்கம் குடியிருக்கிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், எண்ணெய் காய்ந்த செயின் சில நாளிலேயே செம்மஞ்சளாகிவிடும். நடுவழியில் செயின் அறுந்தால் மிட் டிரைவ் அங்கேயே நின்றுவிடும். ஹப் வண்டியில் செயினுக்கு உங்கள் காலின் பாரம் மட்டும்தான். அது அறுந்தாலும் த்ரொட்டில் இருந்தால் வீடு வந்து சேரலாம்.

மோட்டாருக்குள் என்ன தேயும்? ஹப்பில் இரண்டு வகை. கியர் இல்லாத நேரடி மோட்டாரில் தேயக்கூடியது பெயாரிங் மட்டும்தான். பாரம் கூடியது, மின்சாரம் இல்லாமல் மிதித்தால் இழுக்கும். கியர் உள்ள சிறிய ஹப்பில் மூன்று நைலோன் பற்சக்கரங்கள் இருக்கும். அவை காலப்போக்கில் தேயும்போது கரகரவென்று சத்தம் வரும். மூடியைக் கழற்றி மூன்றையும் ஒன்றாக மாற்றி, புதுக் கிறீஸ் பூசினால் போதும். பெயாரிங்கின் ஓரத்தில் இலக்கம் இருக்கும், அதைச் சொன்னால் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் எடுக்கலாம். புறப்படும்போது சில்லு திக்கித் திணறினால் அநேகமாக உள்ளே உள்ள ஹோல் சென்சர் (மோட்டார் எந்த நிலையில் சுழல்கிறது என்று உணரும் சிறு பாகம்) பழுது. ஈயப் பற்றுவைக்கத் தெரிந்த ஒரு பாஸ் மாற்றிவிடுவார்.

மிட் டிரைவிலும் பஃபாங் போன்ற நிறுவனங்களின் மோட்டாரைத் திறக்கலாம், உதிரிப்பாகத்தைத் தருவித்தும் எடுக்கலாம். போஷ், ஷிமானோ என்றால் கதை வேறு: உள்ளே பழுது வந்தால் பெரும்பாலும் முழு மோட்டாரையே மாற்றுவதுதான் அவர்களின் முறை. கோளாறு பார்க்கவும் அவர்களின் மென்பொருள் வேண்டும். ஐரோப்பாவில் வீதிக்கு ஒரு முகவர் இருக்கலாம். வெள்ளவத்தையில் நமக்கு இருப்பது சந்தியில் உள்ள சைக்கிள் கடை.

ஹப்பிலும் தொல்லை உண்டு. பாரம் பின்சில்லில் இருப்பதால் குழியில் விழுந்து விழுந்து கம்பிகள் தளரும். புதிதில் சில வாரம் ஓடியதும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள், பிறகு அறுவது குறையும். காற்றுப் போனால் சில்லைக் கழற்றாமல், ரியூபைப் பக்கவாட்டில் இழுத்து ஒட்டுப்போடச் சொல்லுங்கள். கழற்றத்தான் வேண்டுமென்றால் அச்சில் உள்ள வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாறிப் பூட்டினால் அச்சு சுழன்று வயரை முறுக்கிவிடும்.

மழை இரண்டுக்கும் எதிரி. ஹப்பில் வயர் அச்சு வழியாக உள்ளே போவதால், வயரை அச்சுக்குக் கீழே சற்றுத் தொங்கவிட்டு மேலே கொண்டுபோனால் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வெள்ளம் அச்சு மட்டத்துக்கு வந்த ஒழுங்கைக்குள் இறங்கவே வேண்டாம். மூழ்கிவிட்டால் ஓட்டிக் காயவைக்கலாம் என்று நினைக்காமல் திறந்து துடைக்க வேண்டும்.

கண்டி, ஹற்றன் பக்கம் இருக்கிற உறவினர் கேட்டால் என் பதில் மாறும். நீண்ட ஏற்றத்தில் மெதுவாக இழுக்கும்போது ஹப் மோட்டார் சூடேறும், நைலோன் பற்கள் அந்தச் சூட்டில் இளகும். அங்கே மிட் டிரைவ்தான் சரி, ஆனால் உதிரிப்பாகம் கிடைக்கிற வகையாக, கையில் மேலதிகமாக ஒரு செயினோடு வாங்கச் சொல்வேன்.