கடலடியில் கரியமில வாயு: பிரிட்டன் முறையா, நம்ம ஊர் முறையா?

சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட வீட்டில் காலங்காலமாகக் குடியிருந்தும் நிலப்பட்டா கையில் இல்லாதவர்களுக்கு இது சட்டென்று புரியும்: இருப்பதற்கு அனுமதி வேறு, நிலத்தின் மேல் உரிமை வேறு. பிரிட்டனில் கரியமில வாயுவைக் கடலுக்கு அடியில் புதைப்பதும் அப்படித்தான், கடலடிக் குத்தகையைக் அரச சொத்துகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட் என்ற அமைப்பிடம் வாங்க வேண்டும் (ஸ்காட்லாந்துக்கு அதற்கென்று தனி அமைப்பு), சேமிப்பு உரிமத்தை எண்ணெய், எரிவாயுவை மேற்பார்க்கும் ஆணையத்திடம் வாங்க வேண்டும், ஒன்று கிடைத்து இன்னொன்று கிடைக்காவிட்டால் வேலை நடக்காது. அலைச்சல்தான்.

நம்ம மலேசியாவில் பிரிப்பு இடத்தை வைத்து. இதற்கென்று 2025இல் வந்த கூட்டரசுச் சட்டம் தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும் மட்டும்; சரவாக் 2022லேயே தனக்கென்று விதிகள் போட்டுக்கொண்டது, அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் வாயுவைப் புதைக்கப்போகும் கசவாரி திட்டமும் அந்தக் கடலில்தான். கூட்டரசுச் சட்டத்தில் உருப்படியான ஒன்று, சேமிப்பிடத்தை மூடிய பிறகும் கண்காணிக்க ஒரு நிதி.

என்னைக் கேட்டால் குத்தகையையும் உரிமத்தையும் வேறு வேறு கையில் வைக்கும் பிரிட்டன் முறைதான் தேவலை. வாடகை வாங்குகிறவரே பாதுகாப்பையும் பார்த்தால், நாளைக்கு வாயு கசிந்தால் யார் யாரைக் கேள்வி கேட்பது?